ஸ்கேனில் தெரியாத வலி

வலி இல்லாத நாட்களில்தான் இதை எழுத முடிகிறது. வலிக்கும்போது மனதில் ஒரு வார்த்தை நிற்காது. வலி போன பிறகு அதை நினைக்கவே பயமாக இருக்கும். இப்போது இரண்டுக்கும் நடுவே கொஞ்சம் அவகாசம் கிடைத்திருக்கிறது. அதற்குள் சொல்லிவிடப் பார்க்கிறேன்.

என் பெயர் சுமதி. காவலூரைத் தாண்டி மலைக்குள் போகும் மண்ரோட்டில் எங்கள் ஊர். தபாலில் பி.ஏ. தமிழ் படித்தேன். படிப்புக்கு வேலை கிடைக்கவில்லை, தையலுக்குக் கிடைத்தது. வாணியம்பாடிப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கும் பிரிவில் இருக்கிறேன். காலையில் முதல் பஸ்ஸில் ஆலங்காயம் இறங்கினால் அங்கே கம்பெனி பஸ் நிற்கும். என் கணவர் கோவிந்தன் சொந்தமாக ஒரு பிக்கப் வண்டி வைத்திருக்கிறார்; மலையிலிருந்து புளியும் சாமையும் ஏற்றிக்கொண்டு ஒடுகத்தூர் சந்தைக்குப் போவார். வீட்டில் அவருடைய அம்மாவும் உண்டு. நான் அத்தை என்று கூப்பிடுவேன்.

பிளஸ் டூ படிக்கும்போதே மாதவிலக்கு நாட்களில் பெஞ்சில் உட்கார முடியாது. தொடையிலிருந்து இடுப்பு வரைக்கும் யாரோ துணியைப் பிழிவதுபோல் முறுக்கும். அம்மாவிடம் சொன்னால், "எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. ஒரு புள்ள பொறந்தா சரியாப் பூடும்" என்பாள். ஆலங்காயத்தில் ஒரு கிளினிக்கில் ஊசி போடுவார்கள். ஊசி போட்டால் அரைநாள் தாங்கும். அந்த அரைநாளில்தான் பரீட்சைகளை எழுதி முடித்தேன்.

கல்யாணத்துக்குப் பிறகு வலி அந்த நாட்களோடு நிற்கவில்லை. முன்னால் ஒரு வாரம், பின்னால் சில நாள் என்று நீண்டது. மலம் கழிக்கும்போது உள்ளே கத்தி திரும்புவதுபோல் இருக்கும். கணவரோடு சேரும்போதும் வலிக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அவர் எனக்கு விருப்பமில்லை என்று நினைத்துக்கொண்டார். மெதுவாக, எந்தச் சண்டையும் இல்லாமல், பாயை நகர்த்திப் போட்டுக்கொண்டார். அதைப் பற்றி இருவரும் பேசவில்லை. பேசுவதற்கான வார்த்தை எங்கள் வீட்டில் இல்லை.

குழந்தை இல்லை என்றதும் டாக்டர்களிடம் போனோம். ஸ்கேன் எடுத்தார்கள், நார்மல் என்றார்கள். வேறொரு இடத்தில் எடுத்தார்கள், அங்கும் நார்மல். ஒருவர் கேஸ் டிரபிள் என்று மாத்திரை கொடுத்தார். இன்னொருவர் ரிப்போர்ட்டை மூடிவிட்டு, "வீட்ல ஏதாவது பிரச்சினையாம்மா? மனசுல கவலை இருந்தா இப்படி வலிக்கிற மாதிரி தோணும்" என்றார். அந்த "மாதிரி" என்ற சொல் எனக்குள் ஊசியாகத் தைத்தது. வெளியே வந்ததும் அத்தை கேட்டார்.

"இன்னா சொன்னாரு?"

"ஒண்ணும் இல்லையாம்."

"அப்போ எதுக்கு வூட்ல உருள்ற? நான் நெறமாசத்துல களை வெட்டுனவ. பொம்பளன்னா நோவு இருக்கத்தான் செய்யும்."

அவர் அதைத் திட்டுவதற்காகச் சொல்லவில்லை. தைரியம் சொல்வதாகத்தான் நினைத்தார். எனக்கோ அன்றைக்கு ஒரு சந்தேகம் ஒட்டிக்கொண்டது. எல்லாருக்கும் வருகிற வலியை என்னால் மட்டும் தாங்க முடியவில்லை என்றால் குறை வலியில் இல்லை, என்னிடம்தான்.

மனம் கெட்டுப்போவது ஒரே நாளில் நடப்பதில்லை. முதலில் காலண்டரைப் பார்க்கப் பயந்தேன். தேதி நெருங்க நெருங்க நெஞ்சு படபடக்கும். கம்பெனியில் அடிக்கடி பாத்ரூம் போக அனுமதி கேட்டால் சூப்பர்வைசர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். வெள்ளைத் தோலில் தையல் கோணிப்போய் மூன்று ஜோடி திரும்பி வந்தன. கல்யாணம் காட்சிக்குப் போவதை நிறுத்தினேன். "விசேஷம் ஏதாச்சும்?" என்று எவளாவது என் வயிற்றைப் பார்த்துக் கேட்பாள் என்பதற்காக. பிறகு சமைக்கப் பிடிக்கவில்லை, குளிக்கப் பிடிக்கவில்லை. ஒரு டம்ளர் கழுவாமல் கிடந்ததற்காகக் கோவிந்தனிடம் ஊரே கேட்கும்படி கத்தினேன். கத்திவிட்டு, இப்படி ஒருத்தியோடு இந்த மனுஷன் ஏன் வாழ வேண்டும் என்று அழுதேன்.

காலையில் விழிக்காமலே போய்விட்டால் நன்றாக இருக்குமே என்று எப்போதாவது தோன்றும். பிறகு அடிக்கடி தோன்றியது. ஒரு நாள் அது வெறும் நினைப்பாக நிற்கவில்லை. நான் கம்பெனிக்கு லீவு போட்டிருந்தேன். அவர் லோடு ஏற்றிக்கொண்டு போயிருந்தார், அத்தை கொல்லைக்குப் போயிருந்தார். நான் ஒரு முடிவோடு எழுந்து நின்றேன். அப்போது போன் அடித்தது. கம்பெனியில் பக்கத்து மெஷினில் தைக்கும் ஷாகினா.

"ஏய், என் பாபின் கேஸ எடுத்துகினு பூட்டியாடி? இங்க மெஷின் சும்மா நிக்குது, சூப்பர்வைசர் என் தலைய உருட்றான்."

நூல் உருளையைப் போட்டு மெஷினுக்குள் வைக்கும் சின்ன இரும்பு வில்லை அது. என் பையில் தேடினேன். இருந்தது. "இருக்குடி" என்றேன்.

"இருக்கா! நாளைக்கு வர்றப்போ மறந்துட்டு வந்தன்னா பாரு. இன்னாடி குரல் ஒருமாதிரி இருக்கு?"

"சளி."

"கஷாயம் குடி. மறக்காம எடுத்துகினு வா" என்று வைத்துவிட்டாள். நான் அந்த வில்லையைக் கையில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்திருந்தேன். மறுநாள் அதைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியிருந்தது. கொடுத்தேன். அவளுக்கு இது எதுவும் தெரியாது. அப்போது யாருக்குமே தெரியாது.

சாமை அறுப்புச் சமயம் அது நடந்தது. ஞாயிற்றுக்கிழமை, கம்பெனி லீவு. காலை வெயில் ஏறுவதற்குள் அறுத்து முடிக்கலாம் என்று அத்தையும் நானும் நிலத்தில் இருந்தோம். குனிந்து ஒரு பிடியை அறுத்தேன். இடது பக்கம் அடிவயிற்றில் ஏதோ சட்டென்று அறுந்து உடைந்ததுபோல் இருந்தது. நான் பல வருஷமாக அறிந்த வலி இல்லை அது. மூச்சை உள்ளே இழுக்க முடியவில்லை. வாந்தி வந்தது. அத்தை ஓடி வருவது தெரிந்தது, பிறகு தெரியவில்லை.

விழித்தபோது பிக்கப் வண்டியின் பின்னால் படுத்திருந்தேன். சந்தைக்குப் போக வேண்டிய புளி மூட்டைகள் அதில் ஏற்கெனவே ஏற்றியிருந்தன. அவற்றை ஆள் வைத்து இறக்க நேரமில்லை. அத்தையே வண்டிமேல் ஏறி, ஒவ்வொரு மூட்டையாகக் காலால் உதைத்து ரோட்டோரம் தள்ளினாராம். ஒரு மூட்டை பிரிந்து புளி மண்ணில் சிதறியதைக்கூட அவர் திரும்பிப் பார்க்கவில்லையாம். கோவிந்தன்தான் பின்னால் சொன்னார்.

மலை இறங்கும்போது ஒவ்வொரு வளைவும் வயிற்றுக்குள் திரும்பியது. அத்தை மடியில் என் தலை. அவர் முன்பக்கம் பார்த்துக் கத்திக்கொண்டே வந்தார்.

"மெதுவா ஓட்டுடா! பள்ளத்துல வுடாத!"

அடுத்த நொடியே, "சீக்கிரம் போடா, ஒடம்பு சில்லுனு ஆவுது!"

 கண்ணாடியில் கோவிந்தனின் கண்கள் மட்டும் தெரிந்தன. அவ்வளவு பயந்த கண்களை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அடிவாரத்து ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். இந்த முறை யாரும் நார்மல் என்று சொல்லவில்லை. சினைப்பையில் பெரிய கட்டி, அது கசிந்திருக்கிறது, வயிற்றுக்குள் திரவம் தேங்கியிருக்கிறது, உடனே வேலூருக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். உண்மையைச் சொல்கிறேன். அந்த நேரத்திலும் எனக்குள் ஒரு மூலையில் நிம்மதி வந்தது. இருக்கிறது. ஏதோ ஒன்று இருக்கிறது. நான் பொய் சொல்லவில்லை.

வேலூரில் அவசரப் பிரிவில் டிரிப் ஏற்றி, வலிக்கு ஊசி போட்டு, ரத்தம் எடுத்தார்கள். பிறகு ஒரு டாக்டரம்மா வந்தார். என் வயதுதான் இருக்கும். தூக்கம் கெட்ட முகம், ஆனால் அவசரமில்லாத குரல். அவர் கேட்ட கேள்விகளை அதுவரை யாரும் கேட்டதில்லை.

"எத்தனை வருஷமா வலி? பீரியட்ஸ் சமயத்துல மலம் போகும்போது வலிக்குமா?"

"ஆமா மேடம்."

"கணவரோட சேரும்போது?"

நான் கோவிந்தனைப் பார்த்தேன். அவர் கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தார். "ஆமா. கல்யாணமான நாளா" என்றேன். அவர் தலை குனிந்தது. நகர்த்திப் போட்ட பாயை நாங்கள் இருவரும் அந்த நேரத்தில் ஒன்றாக நினைத்திருப்போம்.

டாக்டரம்மா ஒரு காகிதத்தில் கர்ப்பப்பையை வரைந்து காட்டினார். "இதுக்குப் பேரு எண்டோமெட்ரியோசிஸ்" என்றார். கர்ப்பப்பையின் உள்சுவரில் மாதாமாதம் தடித்து, உதிர்ந்து வெளியேறும் ஒரு படலம் இருக்கிறது. அதைப் போன்ற படலம் சிலருக்குக் கர்ப்பப்பைக்கு வெளியிலும் வளர்ந்துவிடும். சினைப்பையில், குடல்மேல், கர்ப்பப்பைக்குப் பின்னால். உள்ளே இருப்பது கசியும்போது அதுவும் கசியும். ஆனால் அந்த ரத்தம் வெளியேற வழியில்லை. அங்கேயே தங்கிப் புண்ணாகி, தழும்பாகி, உறுப்புகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடும். சினைப்பையில் தேங்கினால் பழைய ரத்தம் காப்பிக் கொட்டை நிறத்தில் கட்டியாகத் திரளும். எனக்கு உடைந்தது அதுதான்.

"அப்போ முன்னாடி ஸ்கேன்ல ஏன் தெரியல?" என்று கோவிந்தன் கேட்டார்.

"மேலாப்ல சின்னச் சின்னதா பரவியிருந்தா சாதாரண ஸ்கேன்ல தெரியாமப் போகலாம். ஸ்கேன் நார்மல்னா வலி இல்லன்னு அர்த்தம் இல்லங்க."

அதைக் கேட்டதும் அழுதேன். வலியால் அல்ல. டாக்டரம்மா வலி என்று நினைத்து நர்ஸைக் கூப்பிட்டார்.

ஆபரேஷனுக்கு முன்னால் எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும் என்றார்கள். குடல் எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று அதில்தான் தெரியுமாம். காத்திருக்கும் இடத்தில் தள்ளுவண்டிகள் வரிசையாக நின்றன. ரத்த ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு கோவிந்தன் நின்றிருந்தார். பக்கத்தில் இருந்த ஒருவர், யாருக்கோ துணையாக வந்தவர், எட்டிப் பார்த்து, "இது கேன்சருக்குப் பாக்கிற டெஸ்ட் ஆச்சே சார். ரொம்ப ஏறியிருக்கே" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். கோவிந்தன் அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். என்னிடம், "ஒண்ணும் இல்ல, சும்மா சொல்றாரு" என்றார். சட்டைப்பைமேல் வைத்த கையை அவர் எடுக்கவேயில்லை.

எம்.ஆர்.ஐ. மெஷினுக்குள் அசையாமல் படுத்திருக்கச் சொன்னார்கள். குழாய்போன்ற அறை, உலோகத்தைச் சுத்தியலால் அடிப்பதுபோலச் சத்தம். அதற்குள் படுத்துக்கொண்டு, சாக வேண்டும் என்று எத்தனை முறை நினைத்தவள் நான், இப்போது கேன்சர் என்றதும் ஏன் இப்படிப் பயப்படுகிறேன் என்று யோசித்தேன். விடை தெரியவில்லை. ஆனால் சாகப் பயமாக இருந்தது. அது நிச்சயமாகத் தெரிந்தது.

சாயங்காலம் டாக்டரம்மா ரவுண்ட்ஸ் வந்தபோது கோவிந்தன் அந்தத் தாளை எடுத்து நீட்டினார். அவர் பார்த்துவிட்டு, இந்த நோயிலும் அந்த அளவு ஏறும், கட்டி உடைந்தால் இன்னும் ஏறும், எம்.ஆர்.ஐ.யில் கேன்சருக்கான அடையாளம் இல்லை, இருந்தாலும் ஆபரேஷனில் எடுக்கும் சதையைப் பரிசோதனைக்கு அனுப்பித்தான் உறுதியாகச் சொல்வோம் என்றார். பிறகு மற்றவர்களைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொன்னார். திரையை இழுத்துவிட்டு என் கட்டிலருகே உட்கார்ந்தார்.

"இவ்ளோ வருஷமா வலியோட இருந்தா மனசும் சோர்ந்து போகும். அதனால எல்லார்கிட்டயும் கேக்கறதுதான். தூக்கம் எப்படி?"

"வராது மேடம்."

"உயிரோட இருக்க வேணாம்னு எப்பவாவது தோணியிருக்கா?"

அந்தக் கேள்வியை ரத்த குரூப் கேட்பதுபோல் கேட்டார். அதனால்தான் பதில் சொல்ல முடிந்தது என்று நினைக்கிறேன். தலையாட்டினேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். எழுந்து நின்ற அந்த நாளையும் சொன்னேன். அவர் அறிவுரை சொல்லவில்லை, கடவுள் பேரையும் எடுக்கவில்லை.

"சொன்னது நல்லது. இது வலி மாதிரியேதான், வைத்தியம் இருக்கு. நாளைக்கு மனநல டாக்டர் ஒருத்தர் இங்கயே வந்து பாப்பாங்க. வீட்ல யாராவது ஒருத்தருக்குத் தெரிஞ்சிருக்கணும். யார்கிட்ட சொல்வீங்க?"

"அவர்கிட்ட."

"நான் சொல்லவா?"

"இல்ல. நானே சொல்றேன்."

திரைக்கு உள்ளே வந்த கோவிந்தனிடம் சொன்னேன். எப்படி ஆரம்பித்தேன் என்று நினைவில்லை. அவர் நின்றபடியே கேட்டார்.

"எப்போ?"

"போன மாசம். நீங்க ஒடுகத்தூருக்கு லோடு போயிருந்தப்போ."

 அவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "உனக்கு முடியலன்னு தெரியும். உன்ன எழுப்பாம, ஒண்ணும் கேக்காம வண்டிய எடுத்துகினு போயிட்டா உனக்கு நிம்மதின்னு நெனச்சேன். அதத்தான் உனக்கு நல்லது பண்றேன்னு நெனச்சிகினு இருந்தேன் சுமதி." குரல் உடைந்தது. "இனிமே கேப்பேன். நீ எரிஞ்சு வுழுந்தாலும் கேப்பேன்."

மாற்றுத்துணி எடுக்க ஊருக்குப் போனவர், வீட்டில் இருந்த களைக்கொல்லி, பூச்சிமருந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டுபோய்ச் சிநேகிதர் ஒருவர் ஷெட்டில் வைத்துப் பூட்டிவிட்டு வந்திருந்தார். என்னிடம் சொல்லவில்லை. வீடு திரும்பிய பிறகு காலியாக இருந்த பரணைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன்.

மனநல டாக்டர் வருகிறார் என்றதும் அத்தைக்குத்தான் ஆத்திரம்.

"வயித்து நோவுக்கு வந்தவளுக்கு எதுக்குப் பைத்தியக்கார டாக்டரு? ஊர்ல தெரிஞ்சா இன்னா பேசுவாங்க?"

"ஊரு வந்து இவ பக்கத்துல உக்காந்துகினு இருந்துச்சாம்மா?" என்று கோவிந்தன் கேட்டார். அம்மாவிடம் அவர் குரலை உயர்த்தியதை அன்றுதான் கேட்டேன். அத்தை முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டார். ஆனால் மனநல டாக்டர் வந்தபோது ஸ்டூலை இழுத்துப் போட்டவர் அவர்தான்.

ஆபரேஷன் சம்மதத் தாளில் கையெழுத்துப் போடுவதற்கு முன் எல்லாம் சொன்னார்கள். வயிற்றில் சின்ன ஓட்டைகள் போட்டு, கேமரா விட்டுச் செய்வார்கள். இடது சினைப்பை மிச்சமிருந்தால் காப்பாற்றுவார்கள், இல்லையென்றால் எடுக்க வேண்டிவரும். குடல் மோசமாக ஒட்டியிருந்தால் கொஞ்ச காலம் வயிற்றுக்கு வெளியே பை வைத்து மலம் போக வேண்டியிருக்கலாம். 

அத்தை டாக்டரம்மாவின் கையைப் பிடித்தார். "கர்ப்பப்பைய எடுத்துருவீங்களா?"

"எடுக்கத் தேவையிருக்காதுன்னு நெனக்கிறோம்மா."

"எடுக்காதீங்கம்மா." கொஞ்சம் நிறுத்தி, என் பக்கம் திரும்பாமல், "இவ உயிருக்கு அதுதான் வழின்னா எடுத்துருங்க" என்றார்.

கையெழுத்துப் போட்டேன்.

தியேட்டருக்குள் குளிர். முகத்தில் மாஸ்க் வைத்தார்கள். "நல்லா மூச்சு இழுங்க" என்ற குரல். அடுத்த நினைவு, தொண்டை எரிச்சலும் தோள்பட்டை வலியும். ஆபரேஷனில் வயிற்றுக்குள் நிரப்பிய காற்றால் தோள் வலிக்குமாம். முதலில் போர்வைக்குள் கையை விட்டு வயிற்றைத் தடவிப் பார்த்தேன். பிளாஸ்திரிகள் இருந்தன. பை இல்லை. கோவிந்தன் காதருகே குனிந்து, "ஒரு பக்கத்து சினைப்பைய மட்டும் எடுத்துட்டாங்க. மத்ததெல்லாம் இருக்கு" என்றார். தலையாட்டிவிட்டு மறுபடி தூங்கினேன்.

வார்டு நாட்கள் ஒன்றுபோல் இருந்தன. எழுந்து நடக்கச் சொல்வார்கள். நாலு எட்டு வைப்பதற்குள் கண் இருட்டும். அத்தை ஒரு பக்கம், டிரிப் ஸ்டாண்ட் ஒரு பக்கம். என் தலைமுடியில் சிக்கு விழுந்து கயிறுபோல் கிடந்தது. அத்தை ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து அதைப் பிரித்தார். இழுத்தால் வலிக்கும் என்று ஒவ்வொரு சிக்கையும் வேர்ப்பக்கம் பிடித்துக்கொண்டு பிரித்தார். 

ஷாகினா அவள் அம்மாவோடு வந்தாள். கம்பெனியில் நான் வேலைக்கு முழுக்குப் போட்டுவிட்டேன் என்று பேச்சு ஓடியதாம். இவள் ஆபீஸில் போய் நின்று, மெடிக்கல் லீவு எழுதவைத்துவிட்டுத்தான் நகர்ந்திருக்கிறாள். "உன் மெஷின்ல ஒரு புதுப் பொண்ணு உக்காந்துகினு தைக்குது. தையலா அது! நீ சீக்கிரம் வா" என்றாள். பாபின் கேஸ் பற்றி அவளிடம் சொன்னேன். முதலில் சிரித்தாள், வேடிக்கையாகச் சொல்கிறேன் என்று நினைத்து. பிறகு முகம் மாறியது. என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "சளின்னு சொன்னியேடி" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

சதைப் பரிசோதனை ரிப்போர்ட் நான் வீடு திரும்பிய பிறகுதான் வந்தது. அதுவரை சோறு தொண்டையில் இறங்கவில்லை. போனில் கேட்டுவிட்டுக் கோவிந்தன் வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். தோளைப் பிடித்து உலுக்கினேன். "கேன்சர் இல்ல" என்றார். சந்தோஷத்தில்தான் கால் மடங்கியிருக்கிறது. முதலில் அதைச் சொல்லியிருக்கலாம்.

இது முழுசாகக் குணமாகிற நோய் இல்லை என்று டாக்டரம்மா தெளிவாகச் சொல்லியிருந்தார். எடுத்தது திரும்ப வளரலாம். அதை அடக்கிவைக்க ஹார்மோன் மாத்திரை. அது மாதவிலக்கையே நிறுத்திவைக்கும். மாத்திரை தொடங்கிய சில வாரங்களில் மறுபடி மனம் கீழே இறங்கியது. காரணமில்லாமல் அழுகை. இந்த முறை மறைக்கவில்லை. கோவிந்தன் தினமும் கேட்டார், நானும் எரிந்து விழுந்துகொண்டே சொன்னேன். வேலூர் போனோம். சிலருக்கு இந்த மாத்திரை அப்படிச் செய்யும் என்று மாற்றிக் கொடுத்தார்கள். மனநல டாக்டர் கொடுத்த மாத்திரையும் தொடர்கிறது. மாதம் ஒருமுறை அவரிடம் பேசுகிறேன். உள்ளே அடைத்திருந்தது ஒரே நாளில் திறக்கவில்லை. ஆனால் காலையில் விழிப்பு வரும்போது இன்னொரு நாளா என்ற எரிச்சல் இப்போது பெரும்பாலும் வருவதில்லை. கம்பெனிக்கும் போகத் தொடங்கிவிட்டேன். வலி அறவே போய்விட்டதா என்றால் இல்லை. போன மாதம்கூட இரண்டு நாள் சுருண்டு படுத்தேன். உள்ளே மறுபடி வளர்கிறதோ என்ற பயம் அந்த இரண்டு நாளும் பாயை விட்டு நகரவில்லை.

குழந்தை பற்றியும் டாக்டரம்மா சொன்னார். ஒரு சினைப்பை போதும், வாய்ப்பு இருக்கிறது, ஆனால் அதற்கு மாத்திரையை நிறுத்த வேண்டும், நிறுத்தினால் வலி திரும்ப வரலாம், எப்போது என்பதை நீங்கள் இரண்டு பேரும்தான் முடிவு செய்ய வேண்டும். கோவிந்தனும் நானும் பேசி, இப்போதைக்கு வேண்டாம், முதலில் நான் தேறட்டும் என்று முடிவு செய்தோம். அத்தையிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியாமல் தள்ளிப்போட்டுக்கொண்டு இருந்தோம்.

சில வாரங்களுக்கு முன் அத்தையின் தம்பி வந்தார். கோவிந்தன் வண்டி எடுத்துக்கொண்டு போயிருந்தார். நான் உள்ளே காப்பி போட்டுக்கொண்டிருந்தேன். வந்தவர் குரலைத் தாழ்த்தவில்லை. நான் கேட்க வேண்டும் என்றே பேசினார்.

"ஒரு பக்கம் எடுத்துட்டாங்களாமே. இனிமே எங்க புள்ள? கோவிந்தனுக்கு வயசு போயிகினே இருக்குதுக்கா. நம்ம சொந்தத்துலயே ஒரு பொண்ணு இருக்குது. இவளும் இருக்கட்டும், நான் போகச் சொல்லல. நீ உம்னு சொன்னா பேசி முடிச்சிடறேன்."

அடுப்பை அணைத்தேன். கதவருகே போய் நின்றேன்.  அத்தை எதுவும் சொல்லாமல் இருந்த அந்த நேரத்தில், ஆஸ்பத்திரியில் பட்ட பயமெல்லாம் ஒன்றுமில்லை என்று தோன்றியது. அவர் உம் என்றால் எனக்குள் எது மிஞ்சும் என்று எனக்குத் தெரியவில்லை.

"ஆபரேசன் முடிஞ்சதும் டாக்டரம்மா என்ன உள்ள கூப்டாங்க" என்று அத்தை பேசத் தொடங்கினார். "கம்ப்யூட்டர்ல படம் காட்டுனாங்க. இவ வயித்துக்குள்ள எடுத்த படம். கொடலும் கர்ப்பப்பையும் பசை போட்டு ஒட்டுன மாதிரி கெடந்துச்சு. உள்ள பூரா கறுப்புக் கறுப்பா தீஞ்சு போன மாதிரி. அதப் பாத்துட்டு நான் வெளிய வந்து யாருக்கும் தெரியாம வாந்தி எடுத்தேன்."

இது எனக்கும் தெரியாது. கோவிந்தனுக்கும் தெரியாது என்று பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

"அத வயித்துல வச்சிகினு இவ களை வெட்டுனா. மல எறங்கி வேலைக்குப் போனா. வந்து எனக்குச் சோறாக்கிப் போட்டா. நோவுதுன்னு சொன்னப்போ நான் இன்னா சொன்னேன் தெரியுமா? பொம்பளன்னா அப்படித்தான்னு சொன்னேன்." அத்தை எழுந்து நின்றதைக் கதவு இடுக்கில் பார்த்தேன். "நீ காப்பி குடிச்சிட்டுக் கெளம்பு. இந்தப் பேச்ச எடுத்துகினு இனிமே என் வூட்டுப் பக்கம் வராத."

தம்பி காப்பி குடிக்காமலே போனார். செருப்புச் சத்தம் மறைந்த பிறகு நான் காப்பி டம்ளரோடு வெளியே வந்தேன். இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல முடியாது என்று தோன்றியது.

"அத்தை, இந்த வருசம் மாத்திரைய நிறுத்த மாட்டேன். நானும் அவரும் பேசிட்டோம். புள்ள இப்போதைக்கு இல்ல."

அத்தை என்னை ஏறிட்டுப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஏமாற்றம் இருந்தது. இல்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன். அதை விழுங்குவதற்கு அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு தம்பிக்காகப் போட்ட காப்பியை என் கையிலிருந்து வாங்கி, சூடு பார்த்துவிட்டு, என்னிடமே திருப்பி நீட்டினார்.

"நீ குடி" என்றார். "வெறும் வயித்துல அந்த மாத்திரையப் போடாத."